கூகுள் மேப்பில் உங்கள் தொழில் முன்னால் தெரிய: சிறு தொழில் செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வீட்டில் வாட்டர் ஹீட்டர் ஒழுகுகிறது. போனை எடுத்து "வாட்டர் ஹீட்டர் ரிப்பேர்" என்று டைப் செய்தால் போதும், ஊர்ப் பெயரைப் போடாமலேயே அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைக் கூகுள் காட்டிவிடும். ஒரு வரைபடம், அதோடு மூன்று பெயர்கள். 2015 ஆகஸ்ட் வரை அந்த இடத்தில் ஏழு பெயர்கள் வந்தன. நான்காவதாக இருப்பவரைப் பார்க்க இப்போது இன்னொரு முறை தட்ட வேண்டும். தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு பொறுமை யாருக்கும் இருக்காது.

அந்த மூன்றுக்குள் வர விளம்பரம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை இருக்கிறது. அதில் பெரும்பகுதி, உங்கள் தொழிலைப் பற்றிய உண்மைகளைச் சரியாகவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியாகவும் பதிவதுதான். குறுக்குவழி என்று யூடியூபில் சொல்லப்படுபவற்றில் பாதி பலன் தராதவை. மீதியில் பல, கூகுளில் இருக்கும் உங்கள் தொழில் பதிவையே (இதைத்தான் ப்ரொஃபைல் என்கிறோம்) முடக்கிவிடக்கூடியவை.

கூகுள் எதைப் பார்த்து வரிசைப்படுத்துகிறது

மூன்று விஷயங்களைக் கூகுளே வெளிப்படையாகச் சொல்கிறது: பொருத்தம், தூரம், பிரபலம். தேடியதற்கும் நீங்கள் செய்யும் தொழிலுக்கும் எவ்வளவு ஒட்டுகிறது என்பது பொருத்தம். தேடுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்பது தூரம். ரிவ்யூக்கள், மற்ற தளங்கள் தரும் இணைப்புகள், உங்களைப் பற்றி இணையத்தில் இருக்கும் தகவல்கள் எல்லாம் சேர்ந்தது பிரபலம்.

இதில் தூரத்தை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. 2021 நவம்பர் 30 முதல் டிசம்பர் 8 வரை கூகுள் உள்ளூர்த் தேடலில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. காரணிகளின் எடையை மறுசீரமைத்ததாக மட்டும் கூகுள் சொன்னது. இத்துறையில் இருப்பவர்கள் அதற்கு 'விசினிட்டி' (அக்கம்பக்கம்) என்று பெயர் வைத்தார்கள், ஏனென்றால் தூரத்தின் எடை கூடியது கண்கூடாகத் தெரிந்தது. அதனால் "நகரம் முழுக்க முதலிடம்" என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் கடையைச் சுற்றி இருக்கும் வட்டத்தில் உறுதியாக நிற்பது, பிறகு அந்த வட்டத்தை மெல்ல மெல்ல அகலப்படுத்துவது, இதுதான் நடக்கக்கூடிய இலக்கு.

முதல் வேலை: ஒரு தாள்

கணக்கு எதையும் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: தொழிலின் பெயர், முழு முகவரி, போன் எண், இணையதள முகவரி, வேலை நேரம். இனி எங்கே பதிந்தாலும் இந்தத் தாளைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிய வேண்டும்.

பெயர் என்றால் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர், பில்லில் அச்சாகும் பெயர். அதோடு தொழிலையும் ஊரையும் ஒட்டவைத்து "இன்னார் சர்வீஸ், சிறந்த வாட்டர் ஹீட்டர் ரிப்பேர், 24 மணி நேரம்" என்று நீட்டக் கூடாது. இது கூகுளின் விதிமீறல். போட்டியாளர் ஒருவர் புகார் செய்தால் பெயர் திருத்தப்படும், சில சமயம் ப்ரொஃபைலே முடங்கும். பெயரில் சொல்லைத் திணித்தால் வரிசையில் ஏறுவது சில நேரம் நடக்கத்தான் செய்கிறது, அதனால்தான் ஆசை விடுவதில்லை. ஆனால் முடங்கிய ப்ரொஃபைலை மீட்கும் வரை இழக்கும் அழைப்புகளை யார் ஈடுகட்டுவது?

போன் எண்ணில் ஒரு நிபந்தனைதான்: வேலை நேரத்தில் யாராவது எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே ஒரு ப்ரொஃபைல் இருக்கலாம்

நீங்கள் எதுவும் செய்யாமலேயே கூகுள் உங்கள் கடைக்கு ஒரு பதிவை உருவாக்கியிருக்கலாம். வாடிக்கையாளர் யாராவது மேப்பில் சேர்த்திருக்கலாம். அதனால் புதிதாகத் தொடங்கும் முன் கூகுள் மேப்பில் இப்போதைய பெயர், பழைய பெயர், போன் எண், முகவரி என்று நான்கு விதமாகவும் தேடிப் பாருங்கள். இருந்தால் அதையே உரிமைகோருங்கள். அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போட்டால், ஒரே கடைக்கு இரண்டு ப்ரொஃபைல் ஆகி ரிவ்யூக்கள் பிரிந்துபோகும், பிறகு ஒன்று 'டூப்ளிகேட்' என்று அடைபடும்.

வேறு யாரிடமாவது ப்ரொஃபைல் இருப்பதாக வந்தால் பெரும்பாலும் அது பழைய வெப்சைட் டிசைனரோ வேலையை விட்டுப்போன ஊழியரோதான். அணுகல் கேட்டு விண்ணப்பியுங்கள். பதில் சொல்ல அவருக்கு 3 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் நீங்களே உரிமைகோரும் வழி திறக்கக்கூடும்.

இனி அந்த நிலை வராமலிருக்க, தொழிலுக்கென்று தனி ஜிமெயில் கணக்கு ஒன்றைத் திறந்து, முதன்மை உரிமையாளராக அதையே வையுங்கள். டிசைனருக்கோ ஏஜென்சிக்கோ 'மேனேஜர்' அனுமதி போதும். உரிமையாளர் அனுமதி தேவைப்படும் வேலை அவர்களுக்கு எதுவும் இல்லை. புதிதாகச் சேர்க்கப்பட்ட உரிமையாளர், மற்ற உரிமையாளர்களை நீக்கவோ ப்ரொஃபைலை அழிக்கவோ 7 நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தனி ஆப்பைத் தேட வேண்டாம். 'கூகுள் மை பிசினஸ்' என்ற பெயர் 2021 நவம்பரில் 'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்' என்று மாறியது, பழைய ஆப் 2022-இல் நிறுத்தப்பட்டது. இப்போது அந்த ஜிமெயிலில் லாகின் செய்து கூகுளில் உங்கள் தொழிலின் பெயரைத் தேடினால் திருத்தும் பட்டன்கள் அங்கேயே வரும். ப்ரொஃபைலோடு கிடைத்த இலவச வெப்சைட்டும் 2024 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. பழைய விசிட்டிங் கார்டில் அந்த முகவரி இருந்தால் அது வேலை செய்யாது.

முகவரியைக் காட்டுவதா, மறைப்பதா

வாடிக்கையாளர் உங்களிடம் வருகிறாரா, நீங்கள் அவரிடம் போகிறீர்களா? அவர் வருகிறார் என்றால் முகவரியைக் காட்டுங்கள். நீங்கள் மட்டுமே போகிறீர்கள், உதாரணமாக வீட்டிலிருந்தபடி பிளம்பிங் வேலை எடுக்கிறீர்கள் என்றால், முகவரியை மறைத்து சேவைப் பகுதிகளை மட்டும் கொடுக்க வேண்டும். இரண்டும் உண்டு என்றால் இரண்டையும் கொடுக்கலாம்.

சேவைப் பகுதிகள் அதிகபட்சம் 20 சேர்க்கலாம். மொத்த எல்லை, நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து சுமார் 2 மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது கூகுள். ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: 20 பகுதிகளைச் சேர்த்தால் 20 பகுதிகளிலும் முன்னால் தெரிவோம் என்று அர்த்தமில்லை. வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்வதற்கான கட்டம் அது. மறைத்து வைத்த முகவரியைச் சுற்றித்தான் உங்கள் பலம் இருக்கும்.

அஞ்சல் பெட்டி எண்ணையும், ஆளே உட்காராத வாடகை 'விர்ச்சுவல் ஆபீஸ்' முகவரியையும் போடக் கூடாது. இன்னொரு பகுதியில் தெரிய வேண்டும் என்று நண்பர் வீட்டு முகவரியில் இரண்டாவது ப்ரொஃபைல் போடுவது, முதல் ப்ரொஃபைலையும் சேர்த்து இழக்க நேரான வழி.

முகவரியைப் பதிந்ததும் மேப்பில் ஊசி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பல நேரம் தெருவின் நடுவிலோ பின்சந்திலோ நிற்கும். பெரிதாக்கி, வாசல் இருக்கும் இடத்துக்கு இழுத்து வையுங்கள். கதவு எண் ஒழுங்காக இல்லாத பகுதி என்றால் மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து ப்ளஸ் கோடை (முகவரிக்குப் பதிலாக இடத்தைக் குறிக்கும் சிறு குறியீடு) எடுத்து, அதை வாடிக்கையாளருக்கு அனுப்பலாம்.

வெரிஃபிகேஷன் வீடியோவை ஒரே தடவையில் முடிக்க

தொழில் உங்களுடையதுதான் என்று கூகுள் உறுதிசெய்துகொள்வதுதான் வெரிஃபிகேஷன். அதற்குப் போன், எஸ்எம்எஸ், ஈமெயில், தபால் அட்டை, வீடியோ என்று பல வழிகள் உண்டு. எது உங்களுக்கு என்பதைக் கூகுள்தான் முடிவு செய்கிறது. இப்போது அதிகம் கேட்கப்படுவது வீடியோ, அதிகம் நிராகரிக்கப்படுவதும் அதுதான்.

வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாகக் குறைந்தது 30 விநாடி எடுக்க வேண்டும். அதில் மூன்று நிரூபணங்கள் வர வேண்டும்: இடம், தொழில், அது உங்கள் கையில் இருக்கிறது என்பது. வரிசை இப்படி இருக்கட்டும். தெருப் பெயர்ப்பலகையிலோ பக்கத்து அடையாளக் கட்டடத்திலோ தொடங்குங்கள். நடந்து வந்து உங்கள் பெயர்ப்பலகையை எழுத்துகள் படிக்கும்படி இரண்டு மூன்று விநாடி காட்டுங்கள். பூட்டைச் சாவியால் நீங்களே திறந்து உள்ளே போங்கள். கருவிகள், சரக்கு, வேலை நடக்கும் மேஜை. கடைசியாக, வெளியாள் தொட முடியாத ஒன்று: கல்லாப்பெட்டியைத் திறப்பது, பில்லிங் சாஃப்ட்வேரில் லாகின் செய்வது, ஊழியர் மட்டும் போகும் அறைக்குள் போவது.

முகவரி மறைத்த தொழில் என்றால் கருவிகளையும், பெயர் எழுதிய வண்டியையும், தொழில் பெயர் அச்சான பதிவுச் சான்றையும் காட்டலாம். மற்றவர்களின் முகமும் வங்கிக் கணக்கு எண் போன்றவையும் வீடியோவில் பதிவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிராகரிப்புக்கு வழக்கமான காரணங்கள்: இருட்டு, ஆட்டம், பலகையில் இருக்கும் பெயரும் ப்ரொஃபைலில் கொடுத்த பெயரும் வேறு வேறாக இருப்பது. மூன்றாவதுதான் அதிகம் தொல்லை தரும். அந்தத் தாளை முதலில் எழுதச் சொன்னது இதற்காகவும்தான். தபால் அட்டை வழி கிடைத்தால், அட்டை வர 14 நாள் வரை ஆகலாம், அதிலுள்ள எண் 30 நாளில் காலாவதியாகிவிடும். அட்டைக்குக் காத்திருக்கும்போது பெயரையோ முகவரியையோ தொடாதீர்கள், தொட்டால் அந்த எண் செல்லாமல் போகலாம்.

கேட்டகரி: அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

முழு ப்ரொஃபைலிலும் வரிசையை நேரடியாக மாற்றக்கூடிய ஒரே கட்டத்தைச் சொல் என்றால், முதன்மைக் கேட்டகரியைத்தான் (உங்கள் தொழில் எந்த வகை என்று சொல்லும் கட்டம்) சொல்ல வேண்டும். ஒரு முதன்மைக் கேட்டகரியும் கூடுதலாக 9 கேட்டகரிகளும் வைத்துக்கொள்ளலாம். நீங்களாக எழுத முடியாது. கூகுள் தரும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பலர் செய்யும் பிழை, அகலமான கேட்டகரியை முதன்மையாக வைப்பது. எடுக்கும் வேலையில் பெரும்பகுதி வாட்டர் ஹீட்டர் என்றால், அதற்கென்று தனிக் கேட்டகரி பட்டியலில் இருக்கும்போது "பிளம்பர்" என்று முதன்மையில் வைத்தால், எல்லா பிளம்பரோடும் போட்டி போட வேண்டியிருக்கும்.

சரியானதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய பயிற்சி. உங்களுக்கு அதிக வருமானம் தரும் வேலை எது, அதை வாடிக்கையாளர் எந்தச் சொல்லால் தேடுவார் என்று ஐந்து சொற்களை எழுதுங்கள். தமிழில் டைப் செய்பவர், ஆங்கிலத்தில் டைப் செய்பவர், தமிழையே ஆங்கில எழுத்தில் டைப் செய்பவர் என்று மூவரையும் மனதில் வைத்து எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லையும் கூகுள் மேப்பில் தேடி, முதல் மூன்று இடத்தில் இருப்பவர்களின் பெயருக்குக் கீழே இருக்கும் கேட்டகரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து தேடலில் நான்கில் ஒரே கேட்டகரி வந்தால் அதுதான் உங்கள் முதன்மை. தேடலுக்குத் தேடல் மாறினால், அதிக வருமானம் தரும் சொல்லுக்கு வந்ததை முதன்மையாகவும் மற்றவற்றைக் கூடுதலாகவும் வையுங்கள்.

9 இடம் இருக்கிறதே என்று 9-ஐயும் நிரப்ப வேண்டியதில்லை. உண்மையில் செய்யும் வேலைக்கு மட்டும் கேட்டகரி. கடைக்குள் ஏடிஎம் இருக்கிறது என்பதால் நீங்கள் வங்கி ஆகிவிடவில்லை. அதே நேரம், பருவத்துக்கு ஏற்ப முதன்மையை மாற்றுவதில் தவறில்லை: கோடையில் ஏசி, குளிரில் ஹீட்டர் என்று இரண்டும் செய்பவர் அந்தந்தப் பருவத்தில் அந்தந்தக் கேட்டகரியை முன்னுக்குக் கொண்டுவரலாம்.

கேட்டகரிக்குக் கீழே 'சர்வீசஸ்' பட்டியல் வரும். இங்கே உங்கள் சொந்தச் சொற்களைச் சேர்க்க முடியும். "தெர்மோஸ்டாட் மாற்றுதல்", "டேங்க் கசிவு அடைத்தல்", "பழைய ஹீட்டரைக் கழற்றி எடுத்தல்" என்று வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்லாகவே தனித்தனியாகப் பதியுங்கள்.

மற்ற கட்டங்கள், வேகமாக

வேலை நேரம் வெறும் தகவல் அல்ல. தேடும் நேரத்தில் கடை திறந்திருக்கிறதா என்பது முன்பைவிட வலுவான காரணியாகியிருக்கிறது என்பதை 2023 இறுதியில் கூகுள் தரப்பே ஒப்புக்கொண்டது. இரவு 8 மணிக்கு மூடுபவர் 8:30 தேடலில் பின்தங்குவது இதனால்தான். அதற்காக 24 மணி நேரம் என்று பொய்யாகப் போட்டால், நள்ளிரவில் கூப்பிட்டுப் பதில் கிடைக்காதவர் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார். விடுமுறை நாட்களுக்கு 'சிறப்பு நேரம்' என்று தனிக் கட்டம் இருக்கிறது, வழக்கமான நேரத்தை மாற்றாமல் அதில் பதியுங்கள்.

விவரணைக்கு 750 எழுத்து வரை இடமுண்டு, இணைப்பு போடக் கூடாது. இதில் தேடல் சொற்களைக் குவித்தால் வரிசையில் ஏறலாம் என்பது பழைய நம்பிக்கை. நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். படிக்கிற மனிதருக்காக எழுதுங்கள்.

படங்கள் ஜேபிஜி அல்லது பிஎன்ஜி, 10 கேபி முதல் 5 எம்பி வரை, 720×720 பிக்சல் அளவில் இருப்பது நல்லது. வீடியோ 30 விநாடி, 75 எம்பி தாண்டக் கூடாது. முதலில் வேண்டியவை: சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த முகப்பு (வருகிறவர் கடையை அடையாளம் காண), வாசல், உள்ளே, வேலை நடக்கும்போது, முடிந்த வேலை. இணையத்தில் வாங்கிய பளபளப்பான ஸ்டாக் படங்களைப் போடாதீர்கள். படத்துக்குள் ஜிபிஎஸ் விவரத்தை நுழைத்து ஏற்றினால் ரேங்க் ஏறும் என்று விற்கப்படும் சேவைக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

'போஸ்ட்' வசதியில் 1500 எழுத்து வரை எழுதலாம். மாதம் ஓரிரண்டு போதும். பார்க்கிறவருக்கு இந்தக் கடை இயங்குகிறது என்று தெரியும், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

ரிவ்யூக்கள்

கேட்டகரிக்கு அடுத்து நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. எண்ணிக்கை, சராசரி, எவ்வளவு சமீபத்தில் வந்தது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது, எல்லாமே பார்க்கப்படும். கூகுள் பார்க்கிறதோ இல்லையோ, வாடிக்கையாளர் பார்க்கிறார்: கடைசி ரிவ்யூ ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால், கடை இன்னும் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

ரிவ்யூ கேட்பது விதிமீறல் அல்ல. ப்ரொஃபைலில் ரிவ்யூ கேட்கும் பட்டனை அழுத்தினால் ஒரு லிங்க்கும் க்யூஆர் கோடும் கிடைக்கும். லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், க்யூஆர் கோடைப் பில்லில் அச்சிடுங்கள். வேலை முடிந்த அன்றே கேட்பது நல்லது; ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவருக்கு உங்கள் ஞாபகமே இருக்காது. பழைய வாடிக்கையாளர் 200 பேருக்கு ஒரே நாளில் அனுப்பாதீர்கள். மூன்று வருடத்தில் 6 ரிவ்யூ வாங்கிய கடைக்கு ஒரே இரவில் 40 வந்தால் அது போலியாகத்தான் தெரியும், உண்மையானவையும் சேர்ந்து வடிகட்டப்படலாம். நாளுக்கு மூன்று நான்கு பேர் என்று பரப்பிக் கேளுங்கள்.

செய்யக் கூடாதவை: ரிவ்யூவுக்குத் தள்ளுபடியோ பரிசோ கொடுப்பது, ஊழியரையும் உறவினரையும் எழுதச் சொல்வது, காசு கொடுத்து வாங்குவது. இன்னொன்று பலருக்குத் தவறென்றே தெரியாது: முதலில் "திருப்தியா?" என்று கேட்டு, ஆம் என்றவருக்கு மட்டும் கூகுள் லிங்க்கைக் கொடுப்பது. இதுவும் தடை. பிடிபட்டால் ரிவ்யூக்கள் நீக்கப்படுவதோடு, சிறிது காலம் புதிய ரிவ்யூ வராதபடி ப்ரொஃபைல் பூட்டப்படலாம். போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன என்ற எச்சரிக்கையும் எல்லோர் கண்ணிலும் படும்படி அங்கே தொங்கலாம்.

பதில் எழுதுவதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். ஒருவர் எழுதுகிறார்: "காலை 10 மணிக்கு வருவதாகச் சொன்னார்கள், 12 ஆகியும் வரவில்லை. ஒரு போன்கூட இல்லை." கோபத்தில் வரும் பதில்: "அன்று மழை, டிராஃபிக். நீங்கள் முகவரியைத் தெளிவாகச் சொல்லவில்லை. எங்களிடம் 500 வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறார்கள்." இதைப் படிக்கும் மூன்றாவது மனிதர் மழையை நினைப்பதில்லை, இவர்களோடு தகராறு வந்தால் என்ன ஆகும் என்றுதான் நினைக்கிறார். இப்படி எழுதலாம்: "வணக்கம். இரண்டு மணி நேரம் காக்கவைத்ததும், தாமதமாகும் என்று போன் செய்யாததும் எங்கள் தவறு. தாமதமானால் கிளம்பும் முன்பே கூப்பிட வேண்டும் என்று வேலைக்கு வருபவர்களிடம் சொல்லியிருக்கிறோம். வேலையில் ஏதாவது குறை இருந்தால் கடை எண்ணுக்குக் கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறோம்." நான்கே வரி. சாக்கு இல்லை, கெஞ்சல் இல்லை. கிளினிக் போன்ற தொழில் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: எழுதியவர் உங்களிடம் சிகிச்சை எடுத்தார் என்பதைக்கூடப் பதிலில் உறுதிப்படுத்தாதீர்கள்.

நல்ல ரிவ்யூவுக்கும் பதில் எழுதுங்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே "நன்றி, மீண்டும் வருக" ஒட்ட வேண்டாம். போலி என்று தெரிந்ததை, எந்த விதியை மீறுகிறது என்று தேர்ந்தெடுத்துப் புகார் செய்யுங்கள். நிராகரித்தால் ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம். பிடிக்காத ரிவ்யூ வேறு, போலி ரிவ்யூ வேறு. முதலாவதைக் கூகுள் நீக்காது.

இணையதளம்

ப்ரொஃபைல் மட்டும் வைத்துக்கொண்டு ஓரளவு ஓட்டலாம். போட்டி இருக்கும் தொழிலில் அது போதாது, ஏனென்றால் ப்ரொஃபைலில் இணைத்த பக்கம் என்ன சொல்கிறது என்பதையும் வைத்தே பொருத்தம் கணிக்கப்படுகிறது.

எல்லாச் சேவையையும் ஒரே பக்கத்தில் பத்து வரியில் அடைப்பது பொதுவான குறை. முக்கியமான ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பக்கம் வையுங்கள். பக்கத் தலைப்பில் சேவை, பகுதி, கடைப் பெயர் என்ற வரிசை. உள்ளே: என்னென்ன பழுது பார்ப்பீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், கட்டணம் எப்படிக் கணக்கிடப்படும், உத்தரவாதம் உண்டா, வாடிக்கையாளர் முன்கூட்டியே என்ன தயாராக வைக்க வேண்டும். போனில் தினமும் கேட்கப்படும் கேள்விகளை ஒரு வாரம் எழுதி வைத்தால் இந்தப் பக்கத்துக்கு வேண்டியது அதிலேயே கிடைத்துவிடும்.

பகுதிப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை 30 நகல் எடுப்பது கூகுள் ஸ்பேம் என்று வகைப்படுத்தும் செயல். ஒரு பகுதிக்குத் தனிப் பக்கம் வேண்டுமென்றால் அங்கே செய்த வேலையின் படம், அந்தப் பகுதிக்கே உரிய பிரச்சினை (உதாரணமாக உப்புநீரால் டேங்க் அடிக்கடி துருப்பிடிப்பது), போய்ச் சேர ஆகும் நேரம் என்று சொந்தச் சரக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் போட வேண்டாம்.

முகவரியும் போன் எண்ணும் படமாக இல்லாமல் எழுத்தாக ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கட்டும். எண்ணைத் தட்டினால் அழைப்பு போக வேண்டும்.

அடுத்து ஸ்கீமா. பக்கத்தின் உள்ளே, மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் தேடுபொறிக்கு மட்டும் விவரம் சொல்லும் குறியீடு இது. 'லோக்கல் பிசினஸ்' வகையில் பெயரும் முகவரியும் கட்டாயம். போன், வேலை நேரம், இணையதள முகவரி, அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவை பரிந்துரைக்கப்படுபவை. அட்சரேகை எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின் குறைந்தது 5 இலக்கம் வேண்டும். பிளம்பர், பல் மருத்துவர் என்று நுணுக்கமான வகை இருந்தால் பொதுவானதை விட்டு அதையே எடுங்கள். போட்டபின் கூகுளின் 'ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்' கருவியில் சோதியுங்கள். உங்கள் ரிவ்யூ நட்சத்திரத்தை நீங்களே ஸ்கீமாவில் போட்டுத் தேடலில் காட்டவைக்கும் வித்தை 2019 செப்டம்பரோடு முடிந்துவிட்டது.

வேகத்துக்குக் கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லிவிநாடிக்குள் அசைய வேண்டும். 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' தளத்தில் மொபைல் பக்கத்தைச் சோதியுங்கள். சிறு தொழில் தளங்களில் பெரும்பாலும் குற்றவாளி ஒன்றுதான்: முகப்பில் ஏற்றிய 6 எம்பி படம். அதைச் சுருக்கினாலே பாதி சரியாகிவிடும்.

கூகுளுக்கு வெளியே

அதே தாளை வைத்துக்கொண்டு பிங் பிளேசஸ், ஆப்பிள் மேப்ஸ், பேஸ்புக் பக்கம், உங்கள் தொழிலுக்கென்று இருக்கும் பட்டியல் தளங்கள் ஆகியவற்றில் பதியுங்கள். பிங் பிளேசஸில் கூகுள் ப்ரொஃபைலை அப்படியே இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. ஆப்பிள் 2023 ஜனவரியில் இதற்கென்று இலவசச் சேவையைத் தொடங்கியது. ஐபோன்காரர்களுக்காக அரை மணி நேரம் செலவழிக்கலாம். நூற்றுக்கணக்கான தளங்களில் பதிந்து தருகிறோம் என்ற பேக்கேஜ் தேவையில்லை. அதைவிட, பழைய எண்ணோ பழைய முகவரியோ எங்கெல்லாம் கிடக்கிறது என்று தேடித் திருத்துவது அதிகம் உதவும்.

இணைப்புகளில், உங்கள் பகுதியில் உண்மையாக இயங்கும் ஒரு தளம் கொடுப்பது பத்து குப்பைத் தளங்களைவிட மேல். வணிகர் சங்கம், சரக்கு வாங்கும் நிறுவனத்தின் டீலர் பட்டியல், நீங்கள் நன்கொடை கொடுத்த விளையாட்டுப் போட்டியின் பக்கம், உள்ளூர்ச் செய்தித் தளம், இவர்களிடம் கேட்டாலே கிடைக்கும்.

ப்ரொஃபைல் முடங்கினால்

பதறிப்போய்ப் புதிதாக ஒன்று திறக்காதீர்கள். அதுதான் பெரிய பிழை. முதலில் பெயர், முகவரி, கேட்டகரி ஆகியவற்றில் விதிமீறல் ஏதாவது இருந்தால் திருத்துங்கள். பிறகு தொழில் பதிவு, உரிமம், வரிச் சான்று, மின் கட்டண ரசீது ஆகியவற்றில் உங்களிடம் இருப்பவற்றை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் தயாராக வையுங்கள். எல்லாவற்றிலும் பெயரும் முகவரியும் ப்ரொஃபைலோடு ஒத்துப்போக வேண்டும். இத்தனையும் கையில் இருக்கும்போதுதான் மேல்முறையீட்டைத் தொடங்க வேண்டும், ஏனென்றால் சான்றுகளை ஏற்ற 60 நிமிடம்தான் கிடைக்கும். படிவத்தைத் திறந்துவிட்டு ரசீதைத் தேடி வீட்டுக்கு ஓடுபவர்கள் அந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

முடங்காமலேயே விவரம் மாறுவதும் உண்டு. யார் வேண்டுமானாலும் "திருத்தம் பரிந்துரை" கொடுக்கலாம்; கூகுளும் தானாகவே நேரத்தையோ எண்ணையோ மாற்றிவிடும். வாரம் ஒருமுறை ப்ரொஃபைலைத் திறந்து தாளோடு ஒப்பிடுங்கள். கடையை இடம் மாற்றினால் புதிய ப்ரொஃபைல் வேண்டாம், இருப்பதிலேயே முகவரியை மாற்றுங்கள்; மறுபடி வெரிஃபிகேஷன் கேட்கலாம், ஆனால் ரிவ்யூக்கள் கூடவே வரும். போட்டியாளர் தன் தொழில் பெயரில் சொற்களைத் திணித்திருந்தால் பெயர்ப்பலகைப் படத்தோடு நீங்களும் திருத்தம் பரிந்துரைக்கலாம்.

அளந்து பார்ப்பது

கடைக்குள் உட்கார்ந்து உங்கள் சொந்தப் போனில் தேடினால் எப்போதும் முதலிடம்தான் வரும், தூரம் பூஜ்யம். இன்காக்னிட்டோவில் தேடினாலும் இருப்பிடத்தைக் கூகுள் ஊகித்துவிடும். கடையிலிருந்து நான்கு திசையிலும் 1, 3, 5 கிலோமீட்டர் தொலைவில் மொத்தம் 12 புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் அங்கங்கே நின்று ஒரே சொல்லைத் தேடி எத்தனையாவது இடம் என்று எழுதுங்கள். இதையே தானாகச் செய்யும் கட்டணக் கருவிகளும் உண்டு, தொடக்கத்தில் நோட்டுப் புத்தகம் போதும்.

ப்ரொஃபைலின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் அழைப்புகள், வழி கேட்டவர்கள், இணையதளத்துக்கு வந்தவர்கள், எந்தச் சொல்லால் தேடினார்கள் என்பதெல்லாம் மாத வாரியாகத் தெரியும். குறைவான எண்ணிக்கை "15-க்குக் கீழ்" என்று மட்டும் வரும். ப்ரொஃபைலில் கொடுக்கும் இணையதள இணைப்பில் யூடிஎம் குறிச்சொல் (வந்தவர் எந்த இணைப்பின் வழியாக வந்தார் என்று காட்டும் ஒட்டு) சேர்த்துவிட்டால், மேப் வழியாக வந்தவர்களைக் கூகுள் அனலிட்டிக்ஸில் (தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கருவி) தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, தேதியோடு குறித்து, மூன்று நான்கு வாரம் விடுங்கள். ஒரே நாளில் கேட்டகரி, தலைப்பு, படம் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

12 புள்ளிகளில் 1 கிலோமீட்டரிலேயே பின்தங்கியிருந்தால் கோளாறு கேட்டகரியிலோ பெயர், முகவரி முரண்பாட்டிலோ இருக்கும். 1 கிலோமீட்டரில் முன்னால் இருந்து 3 கிலோமீட்டரில் சரிந்தால், அந்த 3 கிலோமீட்டர் புள்ளிகளில் முன்னால் நிற்பவர்களின் ரிவ்யூ எண்ணிக்கையையும் சேவைப் பக்கங்களையும் உங்களோடு ஒப்பிடுங்கள். 5-க்கு அப்பால் தெரியவில்லை, ஆனால் அங்கிருந்தும் வேலை வேண்டும் என்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் விளம்பரம் கொடுப்பதே மலிவாக முடியும்.